லெஃபெவ்ர்: கொல்லன் தந்த பெயரும் எழுத்தர் சேர்த்த எழுத்தும்

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது. பிரான்சின் லில் நகரிலிருந்து ஓர் அலுவலகத்துக்கு வந்திருக்கும் ஒருவரின் குடும்பப்பெயர் எல்-இ-எஃப்-இ-பி-வி-ஆர்-இ (Lefebvre) என்று எழுதப்படுகிறது. எல்லோரும் 'லெஃபெப்வ்ரே' என்று அழைக்க, அவர் சிரித்துக்கொண்டே 'லெஃபெவ்ர்' என்று திருத்தியிருக்கிறார். எழுதியிருக்கும் எழுத்தை ஏன் படிப்பதில்லை, பெயரின் பொருள் என்ன, அது அங்கே பரவலான பெயர்தானா என்பவை கேட்டவரின் ஐயங்கள்.

பொருளை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: கொல்லன். பரவலைப் பொறுத்தவரை, பிரான்சில் மிக அதிகமானோர் தாங்கும் முதல் இருபது குடும்பப்பெயர்களுள் அது ஒன்று. அந்த 'பி' எழுத்தின் கதைதான் நீளமானது. பெயரைத் தந்தவன் உலைக்கூடத்துக் கொல்லன். இன்று நாம் காணும் எழுத்துருவைத் தந்தவரோ இலத்தீன் படித்த எழுத்தர். இவ்விருவர் கையும் பட்ட பெயர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

வேர்ச்சொல் இலத்தீனின் 'ஃபாபெர்' என்பது. கடினமான பொருளைக் கையால் வேலைசெய்து உருவாக்கும் எந்தக் கைவினைஞனையும் அது குறித்தது. எனவே ரோமானியர்கள் இரும்பு வேலை செய்பவனை 'ஃபாபெர் ஃபெர்ராரியுஸ்' என்றும், மரவேலை செய்பவனை 'ஃபாபெர் டிக்னாரியுஸ்' என்றும் அடைமொழி சேர்த்துப் பிரித்துச் சொன்னார்கள். கொல்லன், தச்சன் என்று நாம் இரு சொல்லால் குறிப்பவர்களை அவர்கள் ஒரே சொல்லில் அடக்கினார்கள் என்று கொள்ளலாம். இலத்தீன் பேச்சு மெல்ல மாறிப் பழைய பிரெஞ்சாக உருவெடுத்த நூற்றாண்டுகளில் சொல்லின் பொருள் சுருங்கி இரும்படிப்பவனிடம் நிலைத்தது. ஒலியும் 'ஃபெவ்ர்' என்று ஆனது.

இந்த ஒலிமாற்றம் தற்செயலானதன்று. 'அம்பு' என்ற சொல்லில் நாம் ஒலிக்கும் அதிர்வுள்ள 'ப' இலத்தீனில் உயிரொலிகளுக்கு இடையிலும், 'ர' ஒலிக்கு முன்னும் வந்த இடங்களில், வட பிரான்சின் பேச்சில் ஒழுங்காக 'வ' ஆயிற்று. உதட்டைக் குறித்த 'லாப்ரா' இன்று 'லெவ்ர்'. காய்ச்சலைக் குறித்த 'ஃபெப்ரிஸ்' இன்று 'ஃபியெவ்ர்'. மொச்சை, அவரை இனத்துப் பயற்றைக் குறித்த 'ஃபாபா' இன்று 'ஃபெவ்'. அதே பாதையில்தான் 'ஃபாபெர்' 'ஃபெவ்ர்' ஆனது. ஆக, இச்சொல்லில் இருந்த பழைய 'ப' ஒலி, பிரெஞ்சு என்றொரு மொழி எழுத்தில் பரவலாகப் பதிவாகும் முன்பே 'வ' ஆகிவிட்டது. பயற்றின் பெயரும் கொல்லனின் பெயரும் ஏறத்தாழ ஒரே ஓசையில் வந்து முடிந்ததையும் இங்கே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது அமெரிக்காவில் ஒரு வேடிக்கையை விளைவிக்கும்.

'ஃபெவ்ர்' என்பது வெறும் பெயராக மட்டும் அன்று, உயிருள்ள தொழிற்சொல்லாக வழங்கிய காலத்துக்கு நல்ல சான்று ஒன்று உண்டு. சுமார் 1268-இல் பாரிஸ் நகரின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த எத்தியேன் புவாலோ, நகரத்துத் தொழிற்சங்கங்களின் விதிமுறைகளைத் தொகுத்து எழுதச் செய்தார். அத்தொகுப்பில் கத்தித் தொழிலே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது: அலகை உலையிலிட்டு அடித்துத் தருபவர் 'ஃபெவ்ர்' வகைக் கத்திக்காரர், அதற்குக் கைப்பிடி செய்து பூட்டுபவர் வேறொரு வகையினர், அவருக்குத் தனி விதிகள். நெருப்பும் சம்மட்டியும் எவர் கையில் இருந்தனவோ அவருக்குத்தான் 'ஃபெவ்ர்' என்ற சொல் உரியதாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பிற்காலத்தில் பொதுவழக்கில் இச்சொல்லை வேறொன்று தள்ளிவிட்டது. கொல்லனின் பட்டறையைக் குறித்த இலத்தீன் 'ஃபாப்ரிகா', அதாவது அதே வேரில் கிளைத்த சொல், பிரெஞ்சில் 'ஃபோர்ழ்' ஆயிற்று. அதிலிருந்து வினைச்சொல்லும், வினைச்சொல்லிலிருந்து 'ஃபோர்ழெரோன்' என்ற தொழிற்பெயரும் பிறந்தன. இன்று பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் கொல்லனுக்கு என்ன சொல் என்று கேட்டால் 'ஃபோர்ழெரோன்' என்றுதான் சொல்வார். குதிரைக்கு லாடம் கட்டுபவருக்கு 'மரெஷால்' என்ற தனிச்சொல் உண்டு. 'ஃபெவ்ர்' தனிச்சொல்லாக வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் பொற்கொல்லரைக் குறிக்கும் 'ஓர்ஃபெவ்ர்' என்ற கூட்டுச்சொல்லில் அது இன்றும் வாழ்கிறது. பாரிஸ் குற்றப்புலனாய்வுக் காவல்துறையின் தலைமையகம் 2017 வரை இருந்த சென் ஆற்றங்கரைச் சாலைக்குப் பெயரே பொற்கொல்லர் கரை என்று பொருள்படும் 'கே தேசோர்ஃபெவ்ர்' ஆகும். நார்மண்டியின் லிசியூ நகரில் கொல்லர் தெரு என்று பொருள்படும் 'ரூ ஓ ஃபெவ்ர்' இருந்தது; மரச்சட்ட வீடுகளுக்குப் பெயர்பெற்ற அத்தெரு 1944-இன் குண்டுவீச்சில் அழிந்தது. தெருப்பெயரிலும் குடும்பப்பெயரிலும் ஒட்டிக்கொண்ட சொல், பேச்சில் இல்லாமற்போனது. அதனால்தான் லெஃபெவ்ர் என்ற பெயருள்ள பலருக்கே தம் பெயர் கொல்லனைக் குறிக்கிறது என்று சட்டென்று தோன்றுவதில்லை.

முன்னால் நிற்கும் 'லெ' ஆங்கிலத்தின் 'the' போன்ற பிரெஞ்சுச் சுட்டுச்சொல். தமிழில் அதற்கு நிகரானது இல்லை. 'கொல்லன் ழான்' என்று நாம் சொல்வதை அவர்கள் 'ழான் லெ ஃபெவ்ர்' என்றார்கள். ஞானஸ்நானத்தில் சூட்டப்படும் பெயர்கள் சிலவே ஆதலால் ஓர் ஊரில் ஐந்து ழான்கள், நான்கு பியேர்கள் இருந்தார்கள். ஊர் பெருகியபோது அவர்களைப் பிரித்தறிய அடையாளப்பெயர் தேவைப்பட்டது. பதினோராம் நூற்றாண்டு தொடங்கிப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள் இத்தகைய அடையாளப்பெயர்கள் மெல்லத் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் பரம்பரைப் பெயர்கள் ஆயின. அதன்பின் கொல்லனின் மகன் தையல்காரனானாலும் பெயர் லெஃபெவ்ர்தான்.

கொல்லர்கள் மிக அதிகம் இருந்ததால் இப்பெயர் பெருகியது என்று பலரும் எழுதுவதுண்டு. எனக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது. ஓர் ஊரில் பத்துப்பேர் கொல்லராக இருந்திருந்தால் 'கொல்லன் ழான்' என்பது அடையாளமாகவே பயன்பட்டிராது. ஏர்க்கொழுவும் அரிவாளும் கதவுக் கீலும் வேண்டாத ஊர் எதுவும் இல்லை; ஆனால் ஊருக்கு ஓர் உலை போதும். எல்லா ஊரிலும் உண்டு, ஒவ்வோர் ஊரிலும் ஒருவர்தான் உண்டு என்ற இந்த இரட்டை நிலையே தொழிலைச் சிறந்த அடையாளமாக்கியது. இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகிறது: லெஃபெவ்ர் குடும்பங்கள் எல்லாம் ஒரே மூதாதையரின் வழிவந்தவை அல்ல. நூற்றுக்கணக்கான ஊர்களில், ஒன்றுக்கொன்று தொடர்பின்றி, அதே பெயர் தனித்தனியே முளைத்தது. 'லெஃபெவ்ர் குலச்சின்னம்' என்று சட்டமிட்டு விற்கப்படும் படங்களை இந்தக் காரணத்தால்தான் நான் நம்புவதில்லை.

இனி 'பி'யின் கதை. இடைக்காலத்தில் பத்திரமும் பதிவும் எழுதியவர்கள் இலத்தீனில் பயின்றவர்கள். கொல்லன் ழானைப் பற்றி இலத்தீனில் எழுதும்போது அவர்கள் 'யோஹன்னெஸ் ஃபாபெர்' என்றே எழுதினார்கள். அதே கை பிரெஞ்சில் எழுத நேர்ந்தபோது, 'ஃபெவ்ர்' என்ற சொல் 'ஃபாபெரி'லிருந்து வந்தது என்று தனக்குத் தெரியும் என்பதைக் காட்ட, 'வி'க்கு முன்னால் ஒரு 'பி'யைச் செருகியது. பதினான்காம் நூற்றாண்டு முதல் பதினாறாம் நூற்றாண்டு வரை இது ஒரு பெரிய வழக்கமாகவே இருந்தது. விரலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான 'துவா'வில் இன்றும் எழுதப்பட்டுப் படிக்கப்படாமல் கிடக்கும் 'ஜி', இலத்தீன் 'டிகிடுஸ்' என்ற சொல்லை நினைவூட்ட வந்தது. காலத்தைக் குறிக்கும் 'தான்' என்ற சொல்லின் ஊமை 'பி' (இது b அன்று, p) இலத்தீன் 'டெம்புஸ்' என்பதன் எச்சம். 'கடமைப்படு' என்ற பொருளுள்ள 'துவார்' என்ற வினையிலும் அக்காலத்தில், கொல்லன் பெயரில் உள்ளதுபோலவே, வாய்பேசாத ஒரு 'பி' (b) எழுதிவந்தார்கள். பின்னால் பொதுச்சொற்களில் அதைக் களைந்துவிட்டார்கள். பெயர்களில் மட்டும் களைய எவருக்கும் அதிகாரமில்லை.

புலமையைக் காட்டுவது மட்டுமே காரணம் என்று சொல்வது எழுத்தர்களுக்கு அநீதி. நடைமுறைப் பயன் ஒன்றும் இருந்தது. அக்காலக் கையெழுத்தில் 'யு', 'வி' என்று இரண்டு எழுத்துகள் தனித்தனியே இல்லை; ஒரே வடிவம் சில இடங்களில் உயிராகவும் சில இடங்களில் மெய்யாகவும் ஒலித்தது. எனவே கொல்லனின் பெயரைக் கண்டவர் அதை 'ஃபெவ்ர்' என்று படிப்பதா, 'ஃபேயூர்' என்பதுபோல் படிப்பதா என்று தடுமாற இடமிருந்தது. முன்னால் ஒரு 'பி' நின்றால், அடுத்து வருவது மெய்யொலியாகத்தான் இருக்கும் என்று கண் அறிந்துகொள்ளும். அதாவது அந்த 'பி' ஒலிப்பதற்கு அன்று. அடுத்த எழுத்தை எப்படி ஒலிப்பது என்று காட்டும் கைகாட்டி மரம்.

கைகாட்டியையே ஊர் என்று எண்ணி அங்கே இறங்கிவிட்டவர்களும் உண்டு. அந்த எழுத்துக்கோவையில் 'பி'யையும் ஒலித்து, அடுத்த வடிவத்தை 'யு' என்றும் கொண்டு, 'லெஃபேபூர்' என்று சிலர் படித்தார்கள். படித்தது பேச்சாகி, பேச்சு பதிவேட்டில் ஏறி, லெஃபேபூர் என்றே தனிக் குடும்பப்பெயர் ஒன்று உருவானது. பாரிஸின் புகழ்பெற்ற ஆர்கன் கலைஞர் லூயி லெஃபேபூர்-வெலி (1817–1869), பியானோக் கலைஞர் இவோன் லெஃபேபூர் (1898–1986) ஆகியோர் அப்பெயரைத் தாங்கியவர்கள். நவீன மொழியியலின் முன்னோடியான ஃபெர்டினான்ட் டி சசூர், அவர் மறைவுக்குப்பின் 1916-இல் வெளியான விரிவுரைகளில், எழுத்து பேச்சைக் கெடுக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இப்பெயரைத்தான் காட்டுகிறார்: சொல்லில் உண்மையில் ஒருபோதும் இல்லாத ஒரு 'பி'யும், மயக்கத்தால் பிறந்த ஒரு 'யு'வும் சேர்ந்த வடிவத்தை மக்கள் இன்று வாயால் சொல்லவே செய்கிறார்கள் என்கிறார், இத்தகைய பிறழ்வுகளைத் தனி அறையில் வைத்து நோக்கவேண்டும் என்பது அவர் கருத்து. மனிதரின் பெயரைப் பிறழ்வு என்று சொல்வது சற்றுக் கடுமைதான். லெஃபேபூர் குடும்பத்தார் இதைக் கேட்டு மகிழ்ந்திருக்க மாட்டார்கள்.

பெயரின் இரண்டு முகங்களும் ஒரே ஆளிடம் தோன்றுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு மனிதநேயப் புலவர் ழாக் லெஃபெவ்ர் தெத்தாப்ல் (சுமார் 1455–1536). வடக்குக் கடற்கரையில் உள்ள எத்தாப்ல் என்ற சிற்றூரில் பிறந்து, விவிலியத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். முழு மொழிபெயர்ப்பு 1530-இல் ஆன்ட்வெர்ப் நகரில் அச்சானது. இலத்தீனில் எழுதும்போது அவர் 'யாகோபுஸ் ஃபாபெர் ஸ்டாபுலென்சிஸ்' என்று கையொப்பமிட்டார். எத்தாப்ல் ஊர்க்காரரான கொல்லன் யாக்கோபு என்று சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளலாம். பெயரின் வேர் 'ஃபாபெர்' என்பதைப் படித்தவர்கள் அன்றே நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிழையோ புலமையோ, ஒரு கட்டத்தில் அரசு அதை உறையவைத்தது. 1539-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் விலேர்-கோத்ரேயில் பிறப்பித்த ஆணை, ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பேணுமாறு பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. சட்ட ஆவணங்கள் பிரெஞ்சில் இருக்கவேண்டும் என்றும் அதே ஆணைதான் கூறியது. பதிவேடு வந்தும் எழுத்துக்கூட்டு உடனே நிலைபெறவில்லை. ஒரே பங்கின் பதிவேட்டில், ஒரே குடும்பத்தில், தந்தைக்குப் 'பி' உண்டு, மகனுக்கு இல்லை, பேத்திக்கு 'லெ' தனியே பிரிந்து நிற்கிறது என்பதெல்லாம் இயல்பாகக் காணக்கூடியவை. எழுதத் தெரியாத தகப்பன் சிலுவைக்குறி இட்டுவிட்டுப் போவார், எழுத்துக்கூட்டு குருவின் பழக்கத்தைப் பொறுத்தது. புரட்சிக்காலத்தில் 1794 ஆகஸ்ட் 23-இல் வந்த சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் தாங்கக்கூடாது என்றது. 1803-இல் வந்த மற்றொரு சட்டம், பெயரை மாற்ற விரும்புவோர் அரசின் அனுமதி பெறவேண்டும் என்றது. 1877 முதல் குடும்பக் குறிப்பேடு பரவியபின், அதில் ஏறிய எழுத்தே இறுதி எழுத்து. பதிவேட்டை எழுதியவருக்கு அன்று காலை என்ன பழக்கமோ அதுவே பேரப்பிள்ளைகளின் சட்டப்பூர்வப் பெயராயிற்று.

இதில் புதுச்சேரிக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தம் மரபுவழித் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்ற தமிழர்கள், குடும்பப்பெயர் ஒன்றைத் தெரிந்துகொண்டு பதியவேண்டியிருந்தது. அவர்களுள் முன்னோடியான வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, வாயில் என்று பொருள்படும் 'லாபோர்த்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். பிரான்சில் ஐந்நூறு ஆண்டுகளாக மெல்ல நடந்தது இங்கே ஒரு படிவத்தில் நடந்தது.

பிரான்சில் கொல்லனுக்கு ஒரு பெயர் மட்டும் இருந்திருந்தால் அது இங்கிலாந்தின் ஸ்மித்தைப்போல் முதலிடத்தில் இருந்திருக்கும். அப்படி இல்லாததற்குக் காரணம், நாடு முழுவதும் ஒரே மொழி பேசப்படவில்லை என்பதே. தெற்கில் ஒக்சித்தான் மொழி வழங்கிய பகுதிகளில் இலத்தீனின் 'ப' சில இடங்களில் அப்படியே நின்று 'ஃபாப்ர்' ஆயிற்று. லாங்க்தோக் வட்டாரத்தின் பெயர் அது. பூச்சிகளின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதிய ழான்-ஆன்றி ஃபாப்ர் (1823–1915) அவெய்ரோன் பகுதியில் பிறந்தவர். தெற்கிலேயே வேறு இடங்களில் அந்த 'ப' உயிரொலியாகக் கரைந்து 'ஃபோர்' ஆயிற்று. 1895 முதல் 1899 வரை குடியரசுத் தலைவராக இருந்த ஃபெலிக்ஸ் ஃபோர் இப்பெயருடையவர். எமில் சோலா 1898-இல் எழுதிய புகழ்பெற்ற பகிரங்கக் கடிதம் அவருக்கு விடுக்கப்பட்டதே. கஸ்கோனிப் பகுதியிலோ சொல்முதல் 'ஃப' எல்லாம் 'ஹ' ஆவது வழக்கம். கொல்லன் அங்கே 'ஹவுரெ'.

கிழக்கே சவோய் மலைப்பகுதியிலும் பிரெஞ்சு மொழி பேசும் ஸ்விட்சர்லாந்திலும் 'ஃபாவ்ர்'. முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருடன் பாரிஸ் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்தவரும், இயேசு சபையின் முதல் தோழர்களுள் ஒருவரும், 2013-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவருமான பியேர் ஃபாவ்ர் (1506–1546) சவோய்க்காரர். கத்தோலிக்க நூல்களில் அவரைப் 'பீட்டர் ஃபேபர்' என்று படித்திருப்பீர்கள். அது அவர் பெயரின் இலத்தீன் உருவம், மறுபடியும் அதே 'ஃபாபெர்'. ஃபிரான்ஷ்-கோந்தேயில் பெயர் 'ஃபெவ்ர்' என்றே ஒலித்தாலும் எழுதும்போது 'ஏ', 'ஐ' என்ற இரு எழுத்துகளை இட்டு எழுதுகிறார்கள். மேற்கே, பிரித்தானியின் பிரெஞ்சு பேசும் பகுதியிலும் லுவார் ஆற்றுப் புறத்திலும் உயிரொலி சற்றுக் குவிந்து 'லெஃபோவ்ர்' ஆகிறது.

பிரித்தானியின் மேற்கில், கெல்ட் இனத்து மொழியான பிரெத்தோன் பேசிய பகுதியில், இலத்தீன் வேருக்கே இடமில்லை. அங்கே கொல்லன் 'கோஃப்'. குடும்பப்பெயர் 'லெ கோஃப்'. இடைக்கால வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் (1924–2014) என்ற பெயரைக் கேட்டவர்கள், அவருக்கும் லெஃபெவ்ருக்கும் பொருளளவில் ஒரே பெயர் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். கார்ன்வாலின் 'ஆங்கோவ்', அயர்லாந்தின் 'மக்காவன்' ஆகியவையும் இந்தக் கெல்ட் வேரில் கிளைத்தவை. ஜெர்மானியப் பேச்சுள்ள அல்சாஸில் ஷ்மிட், ஃபிளெமிஷ் பேசும் எல்லையில் தெ ஸ்மெத். உலைக்கூடத்தையே பெயராகக் கொண்டவர்கள் வேறு: மார்க்ஸின் மருமகன் போல் லஃபார்க் (1842–1911) குடும்பத்தின் பெயர், தென்பிரான்சுப் பேச்சில் 'உலைக்கூடம்' என்று பொருள்படுவது.

இந்த உறவினர்கள் நடுவே லெஃபெவ்ருக்கு உரிய நிலம் வடக்கு. 'பி'யுடன் எழுதப்படும் வடிவம் நோர், பா-த-கலே, சோம் ஆகிய வடமாவட்டங்களிலும் நார்மண்டியிலும் அடர்த்தியாக உள்ளது. 'பி' இல்லாத வடிவம் அவற்றோடு பாரிஸ் சுற்றுப்புறத்திலும் பரவியிருக்கிறது. எல்லை தாண்டிப் பெல்ஜியத்தின் பிரெஞ்சுப் பகுதியிலும் இரண்டும் உண்டு. தொழிற்பெயருக்கு முன் 'லெ' சேர்ப்பதே வடக்கிலும் மேற்கிலும் உரிய பழக்கம். தெற்கிலும் கிழக்கிலும் பெரும்பாலும் வெறும் ஃபாப்ர், வெறும் ஃபாவ்ர்தான். ஆகவே லில்லிலிருந்து வந்தவர் இப்பெயருடன் இருப்பது மிகவும் இயல்பு. பிரெஞ்சுப் புரட்சியை உழவர்களின் பக்கம் நின்று ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ழோர்ழ் லெஃபெவ்ர் (1874–1959) லில் நகரத்தவர். பழைய இலத்தீன் திருப்பலி முறைக்காக வத்திக்கானோடு மோதிய பேராயர் மர்செல் லெஃபெவ்ர் (1905–1991) அருகிலுள்ள தூர்குவாங் நகரத்தவர். எதிரெதிர்த் திசை நோக்கிய இருவருக்கும் ஒரே ஊர்ப்புறப் பெயர். ஆனால் பெயரைக் கொண்டு ஊரை முடிவுசெய்துவிடவும் கூடாது: நெப்போலியனின் தளபதியாகி டான்சிக் கோமகன் பட்டம் பெற்ற பிரான்சுவா ழொசெஃப் லெஃபெவ்ர் (1755–1820) அல்சாஸில் பிறந்தார், நகரவெளி பற்றிய சிந்தனைகளுக்காகத் தமிழிலும் பேசப்படும் தத்துவவாதி ஆன்றி லெஃபெவ்ர் (1901–1991) தென்மேற்கில், 'ஹவுரெ'க்களின் நாட்டில் பிறந்தார்.

எண்ணிக்கைக்கு வருவோம். பிரான்சின் தேசியப் புள்ளிவிவர நிறுவனமான இன்சே, 1891 முதல் 1990 வரை நாட்டில் பிறந்தவர்களின் குடும்பப்பெயர்களைத் தொகுத்துள்ளது. முதலிடம், மிக எட்டத்தில், மார்த்தான். சுமார் 2,35,000 பிறப்புகள். அடுத்து பெர்னார், தொமா, பெதி, ரொபேர் என்று தொடரும் வரிசையில் 'பி'யுள்ள லெஃபெவ்ர் 13-ஆம் இடத்தை ஒட்டி வருகிறது. இடம் எத்தனையாவது என்பதைவிட, அதற்கு மேலே உள்ளவை எப்படிப்பட்டவை என்பதுதான் என் கவனத்தை ஈர்க்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை ஞானஸ்நானப் பெயர்கள். பெதி என்பது 'சிறியவன்' என்னும் பட்டப்பெயர். துய்புவா என்பது காட்டோரம் குடியிருந்தவனைக் குறிக்கும் இடப்பெயர். பட்டியலை மேலிருந்து கீழே படித்துவந்தால் முதலில் எதிர்ப்படும் தொழிற்பெயர் லெஃபெவ்ர்.

இன்சே எழுத்துக்கூட்டைக் கொண்டுதான் எண்ணுகிறது, பொருளைக் கொண்டு அன்று. 'பி' இல்லாத லெஃபெவ்ர், ஃபோர், ஃபாப்ர் ஆகியவை தனித்தனியே முதல் நூற்றுக்குள் நிற்கின்றன. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் இரண்டாம் இடத்துப் பெர்னாரைக் கொல்லர்கள் தாண்டிவிடுவார்கள். வட்டார மொழிகளும் ஓர் ஊமை எழுத்தும் சேர்ந்து கொல்லர்களைப் பிரித்துவைத்ததால்தான் அவர்கள் பட்டியலில் கீழே தெரிகிறார்கள்.

கடல் கடந்தவர்களின் கதை சற்று வேடிக்கையானது. பதினேழாம் நூற்றாண்டில் கனடாவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களில் லெஃபெவ்ர்கள் பலர். கியூபெக்கில் இன்றும் முதல் ஐம்பது பெயர்களுள் இது ஒன்று. அங்கே ஒரே பெயருள்ள குடும்பங்களைப் பிரித்தறிய, 'எனப்படும்' என்ற பொருள் தரும் 'தி' என்ற சொல்லை இட்டு இரண்டாவது பெயரைச் சேர்த்தார்கள். 'லெஃபெவ்ர் தி வில்மூர்' என்பதுபோல. சில கிளைகள் பின்னால் லெஃபெவ்ரை விட்டுவிட்டு அந்த இரண்டாவது பெயரையே வைத்துக்கொண்டன. கியூபெக்கிலிருந்து பிழைப்புத் தேடி நியூ இங்கிலாந்தின் ஆலைகளுக்குச் சென்றவர்களின் பெயர் ஆங்கிலக் காதுகளில் விழுந்தபோது 'லஃபேவ்' ஆயிற்று. சிலர் பெயரை மொழிபெயர்க்கத் துணிந்தார்கள். முன்னே சொன்ன பயற்றை நினைவுகூருங்கள்: 'லெஃபெவ்ர்' என்பதில் பேச்சுவழக்கில் கடைசி 'ர்' தேய்ந்துவிடுவதால் அது 'லெஃபெவ்' என்று கேட்கும், 'ஃபெவ்' என்றால் மொச்சை. ஆகவே அவர்கள் ஆங்கிலத்தில் 'பீன்' ஆனார்கள். ஸ்மித் ஆகியிருக்கவேண்டிய கொல்லன் மொச்சையாகி நின்றான்.

புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நான்த் ஆணை 1685-இல் நீக்கப்பட்டபின் நாட்டைவிட்டு வெளியேறிய புராட்டஸ்டன்டுகளான ஹியூகனாட்டுகள் இப்பெயரை வேறு திசைகளுக்குக் கொண்டுபோனார்கள். பென்சில்வேனியாவில் அது 'லெஃபீவர்' ஆகி, காய்ச்சலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தனக்குள் அடக்கிக்கொண்டது. இங்கிலாந்தில் 1839 முதல் 1857 வரை மக்களவைத் தலைவராக இருந்த சார்லஸ் ஷா-லெஃபெவ்ர் ஹியூகனாட் வழியினர். அமெரிக்கக் கால்பந்து வீரர் பிரெட் ஃபாவ்ரின் பெயரை அந்நாட்டார் 'ஃபார்வ்' என்று 'ர'வையும் 'வ'வையும் இடம்மாற்றி ஒலிப்பதும் இந்தக் குடும்பத்துக் கதைதான்.

தமிழில் எழுதுவதற்கு என் பரிந்துரை 'லெஃபெவ்ர்'. 'லெ' மிகக் குறுகலாக ஒலிக்கும். அழுத்தம் 'ஃபெ'வில் விழும். கடைசி 'ர்' தொண்டையில் எழுந்து தேயும். 'லெஃபெப்வ்ரே' என்பதில் 'ப்' பிழை. கடைசி 'ஏ'யும் பிழை, ஏனெனில் இறுதியில் எழுதப்படும் 'இ'யைப் பிரெஞ்சுக்காரர் ஒலிப்பதில்லை. ஆனால் பெயர்ப்பலகையில் எல்-இ-எஃப்-இ-பி-யு-ஆர்-இ என்று, 'வி'க்குப் பதில் 'யு' இருந்தால் விதி மாறிவிடும். அப்போது 'லெஃபேபூர்' என்று 'ப'வை ஒலித்தே ஆகவேண்டும், அதுதான் அவர் பெயர்.

உங்கள் அலுவலகத்தவர் தம் முன்னோரைத் தேடுவதில் ஆர்வமுள்ளவராக இருந்தால், மாவட்ட ஆவணக்காப்பகங்களின் இணையதளங்களில் பழைய பங்குப் பதிவேடுகளின் படிமங்கள் கிடைக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முன்னே செல்லும்போது 'பி' உள்ளது, இல்லாதது, 'யு' உள்ளது, 'லெ' பிரிந்தது, சேர்ந்தது என எல்லா வடிவங்களிலும் தேடச் சொல்லுங்கள். ஒரே எழுத்துக்கூட்டில் தேடினால் பாதிக் குடும்பம் கண்ணில் படாமற்போகும். மின்னஞ்சல் முகவரியோ விமானச்சீட்டோ பதியும்போது மட்டும் 'பி'யை விட்டுவிடாதீர்கள். காதுக்கு இல்லாத அந்த எழுத்து கடவுச்சீட்டில் இருக்கிறது.